மழையில் பெற்ற கோப்பை

1860ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்ட தமிழரும் தெலுங்கரும் அதில் இருந்தனர். பின்னர் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் சென்றன. கரும்புக்கும் ரப்பருக்கும் வேறுபாடு உண்டேயன்றி, அக்கப்பல்களில் ஏறியோரின் வாழ்வுக்கும் மலாயாவிற்கு வந்தோரின் வாழ்வுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்நேட்டால் இந்தியரின் வழித்தோன்றல்களுள் ஒருவர், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், செல்வரின் ஆட்டமாகிய கோல்ஃபில் உலகறிந்த வீரராக உயர்ந்தார். அவர் பெயர் சியூசங்கர் சியூகோலம். மக்கள் அவரைப் 'பாப்வா' என்றே அழைத்தனர். சிவசங்கர் என்னும் வடநாட்டுப் பெயரே ஆங்கில எழுத்தரின் ஏட்டில் அவ்வாறு உருமாறியது. நம்மவர் பெயர்கள் தோட்டத்துப் பதிவேடுகளில் பட்ட பாட்டை அறிந்தோர்க்கு இது வியப்பாக இராது.

1920களின் இறுதியில் டர்பனில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் பாப்வா. பள்ளிக் கல்வி அவருக்குக் கிட்டவில்லை. வெள்ளையர் ஆடும் திடலில் அவர்களுடைய மட்டைப் பையைத் தோளில் சுமந்து பின்னே நடப்பதே இளமையில் அவருக்குக் கிடைத்த வேலை. பையைச் சுமக்கலாம்; காணாமற்போன பந்தைத் தேடித் தரலாம்; ஆடுதல் மட்டும் கூடாது. எனினும் கண்களுக்கு எவரும் தடை விதிக்க இயலாதன்றோ? பார்த்துப் பார்த்தே அவர் ஆட்டத்தைக் கற்றார்.

அவர் மட்டையைப் பற்றிய முறை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. வலப்புறம் நின்று ஆடுவோர் இடக்கையை மேலேயும் வலக்கையை அதன் கீழேயும் வைத்துப் பிடிப்பர். கோல்ஃப் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. பாப்வாவின் கைகளோ இடம் மாறி இருந்தன. வலக்கை மேலே, இடக்கை கீழே. கற்றறிந்தோர் அதனைப் பிழை என்றனர். அவரைத் திருத்த அப்போது ஆசிரியர் எவரும் இல்லை. திருத்தும் தேவையும் இல்லை என்பதைப் பந்து சென்ற நேர்கோடே காட்டியது. ஒருவர் கையில் இயல்பாய் அமைந்துவிட்ட முறையைப் பிழை என்று சொல்லி அழித்துவிடும் அவசரம் வகுப்பறைகளிலும் உண்டு. ஆசிரியர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

வெள்ளையரல்லாதார்க்கென நடந்த போட்டிகளில் பாப்வா பல வெற்றிகளை ஈட்டினார். ஆனால் அவ்வெற்றிகளால் வயிறு நிரம்பவில்லை. கிரகாம் வுல்ஃப் என்னும் தென்னாப்பிரிக்க வெள்ளையர் அவருடைய திறமையைக் கண்டு, 1959இல் ஐரோப்பாவிற்கு அழைத்துச் சென்றார். 'ஆயில் ஆஃப் ஓலே' என்னும் முகப்பூச்சை உருவாக்கியவர் இவரே. அவ்வாண்டிலேயே பாப்வா டச்சுப் பொதுப் போட்டியில் முதலிடம் பெற்றார். 1960இலும் 1964இலும் அதே கோப்பையை மீண்டும் வென்றார். பை தூக்கியவன் மும்முறை ஒரு நாட்டின் பட்டத்தைப் பெறுதல் எளிய செயலன்று.

அயல்நாட்டார் மாலையிட்டு வரவேற்ற அவர் தாய்நாட்டில் எவ்வாறு நடத்தப்பட்டார்? 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டமும், 1953ஆம் ஆண்டின் தனித்தனி வசதிகள் சட்டமும் அங்கே நடைமுறையில் இருந்தன. வாழும் தெரு முதல் கடற்கரை மணல் வரை யாவும் நிறத்தால் பிரிக்கப்பட்டன. 1963இல் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் பொதுப் போட்டியில் ஆட அவருக்கு அரிதின் இசைவு கிடைத்தது. நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளை ஆட்டக்காரர்கள் நடுவே அவர் ஒருவரே இந்தியர். வென்றவரும் அவரே.

பரிசளிக்கும் வேளையில் மழை பெய்தது. மன்ற மாளிகைக்குள் வெள்ளையர் கூடியிருந்தனர். வென்றவரோ உள்ளே நுழைதல் சட்டப்படி குற்றம். ஆகவே கொட்டும் மழையில் வெளியே நின்றபடி பாப்வா தம் கோப்பையைப் பெற்றுக்கொண்டார். சாளரத்தின் வழியே நீட்டப்பட்டது என்று சிலரும், வெளியே கொணர்ந்து தரப்பட்டது என்று வேறு சிலரும் கூறுவர். கதை சொல்வோர் கைவண்ணம் சிறிது கலந்திருக்கலாம். ஆனால் உள்ளே அவருக்கு இடமில்லை என்பதில் ஐயமில்லை. அக்காட்சியின் படம் உலகெங்கும் செய்தித்தாள்களில் வெளிவந்தது. இன ஒதுக்கல் என்பது யாது என விளக்கப் பல பக்கங்கள் தேவைப்பட்ட இடத்தில், நனைந்த சட்டையோடு நிற்கும் அவ்வெற்றியாளரின் படம் ஒன்றே போதுமானதாயிற்று. தென்னாப்பிரிக்காவை விளையாட்டரங்குகளிலிருந்து விலக்கவேண்டும் என்று கோரியோர் அதனைச் சான்றாகக் காட்டினர். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் அந்நாட்டிற்கு இடமளிக்கப்படவில்லை. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்தினின்றே அது நீக்கப்பட்டது.

இதனினும் வியத்தகு நிகழ்ச்சி 1965இல் நடந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த கேரி பிளேயர், பாப்வா முதன்முதல் டச்சுக் கோப்பையை வென்ற அதே 1959இல் பிரிட்டிஷ் பொதுப் போட்டியை வென்றவர். ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே தலைமுறை, ஒரே ஆட்டம். ஒருவருக்கு உலகத்துத் திடல்கள் யாவும் திறந்திருந்தன. மற்றவர் சொந்த ஊர்த் திடலில் கால்வைக்க விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. 1965ஆம் ஆண்டு நேட்டால் பொதுப் போட்டியில் இவ்விருவரும் எதிர்ப்பட்டனர். பிளேயரைப் பின்னுக்குத் தள்ளி இரண்டாம் முறையும் பட்டத்தைக் கைப்பற்றினார் பாப்வா. அவ்வாண்டிலேயே பிளேயர் அமெரிக்கப் பொதுப் போட்டியை வென்று, நான்கு பெரும் பட்டங்களையும் பெற்ற சிலருள் ஒருவரானார் என்பதை நினைத்தால் இவ்வெற்றியின் அளவு விளங்கும்.

தோற்றிருந்தால் ஒருவேளை பாப்வாவை அரசு ஆடவிட்டிருக்கும். வெள்ளையரே மேம்பட்டவர் என்ற கொள்கையின்மேல் கட்டப்பட்ட ஆட்சிக்கு, அவர் வென்றதே பொறுக்க முடியாததாயிற்று. உள்நாட்டுப் போட்டிகளின் கதவுகள் அடைக்கப்பட்டன. வெளிநாடு சென்று பிழைக்கலாம் என்றாலோ, கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. முழு ஆற்றலோடு ஆட வேண்டிய பருவத்தில், கைகளில் திறன் இருந்தும், ஆடுதற்கு இடமின்றி அவர் வீட்டிலிருந்தார். பட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அவரைச் சிறிய வீரர் என்று எவரேனும் மதிப்பிட்டால், அப்பட்டியலின் பாதியை எழுதவிடாமல் தடுத்தவர் யார் என்றும் உடன் கேட்டல் வேண்டும்.

1978இல், ஐம்பது வயதளவில், வறுமையின் நடுவே மாரடைப்பால் பாப்வா மறைந்தார். இன ஒதுக்கல் ஆட்சி வீழ்ந்து, 1994இல் மக்களாட்சி மலர்ந்த பின்னரே தென்னாப்பிரிக்க அரசு அவருக்கு விருதளித்துப் பெருமை செய்தது. டர்பன் நகரில் கோல்ஃப் திடல் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதில் எந்நிறத்தவரும் ஆடலாம்.