மொட்டை மாடி மீன்தொட்டி: நாம் தவறவிட்ட இருபது நாள்



கடந்த ஆண்டு சித்திரை மாதம் ஏ பிளாக் மொட்டை மாடியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வைத்த மீன்தொட்டி பலருக்கும் நினைவிருக்கும். 500 லிட்டர் தொட்டி, 40 மீன்குஞ்சுகள், அதன் மேலே ஜல்லி நிரப்பிய தட்டில் கீரை விதை. மீன் கழிவு செடிக்கு உரமாகும், செடி சுத்தம் செய்த தண்ணீர் மீனுக்குத் திரும்பும் என்று எல்லோருக்கும் விளக்கிச் சொன்னோம். பிள்ளைகள் ஆசையாக வேளைக்கு வேளை தீனி போட்டார்கள். எட்டாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பத்தாம் நாள் காலையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "நாற்பது உயிரைக் கொன்னுட்டுத்தான் கீரை சாப்பிடணுமா?" யாரிடமும் பதில் இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று முடிவானது. தொட்டி இன்றும் கவிழ்ந்து கிடக்கிறது.

அதன் பிறகுதான் அக்வாபோனிக்ஸ் என்ற இந்த முறையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். தவறு வெயிலில் இல்லை, எங்கள் அவசரத்தில் இருந்தது.

கதை 1877-ல் பாரிஸில் தொடங்குகிறது. கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அதிலுள்ள அமோனியா எப்படிச் செடிக்கு உதவும் நைட்ரேட்டாக மாறுகிறது என்று அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. வெறும் ரசாயன மாற்றம் என்றே பலர் நினைத்தார்கள். ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஒரு நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பி, கழிவுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதல் 20 நாள் அமோனியா அப்படியே வெளியே வந்தது. அதற்குப் பிறகு நைட்ரேட் வரத் தொடங்கியது, அமோனியா மறைந்தது. ரசாயன மாற்றம் என்றால் 20 நாள் ஏன் காத்திருக்க வேண்டும்? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. ஆவியை நீக்கி, தோட்டத்து மண் கலந்த நீரை ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. வேலை செய்தது ஏதோ ஓர் உயிர் என்று புரிந்தது. 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது செடிக்கு உணவு.

எங்கள் தொட்டியில் மீன் இருந்தது, விதை இருந்தது, நடுவில் இருக்க வேண்டிய பாக்டீரியா மட்டும் இன்னும் பெருகவில்லை. அந்த 20 நாளை நாங்கள் கொடுக்கவே இல்லை.

மீனையும் செடியையும் சேர்த்து வளர்க்கும் இன்றைய முயற்சிகளுக்கு முன்னோடிகளில் ஒன்று, 1969-ல் அமெரிக்காவில் தொடங்கிய நியூ ஆல்கெமி நிறுவனம். ஜான் டாட், நான்சி ஜாக் டாட், வில்லியம் மெக்லார்னி ஆகியோர் கேப் காட் பகுதியில் கண்ணாடிக் கூடத்துக்குள் திலாப்பியா வளர்த்து, அந்த நீரைச் செடிகளுக்குப் பாய்ச்சினார்கள். குளிர் பிரதேசம் என்பதால் தண்ணீரைச் சூடாக வைப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. 1980-களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்மர்ட்ரி மணல் பாத்தியையே வடிகட்டியாக்கித் தக்காளி வளர்த்தார்.

ஆனால் இந்த முறை நன்றாக வேரூன்றிய இடங்களில் முக்கியமானது கரீபியன் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவு. ஆண்டு முழுதும் வெயில்; ஆறு கிடையாது. வீட்டோடு மழைநீர்த் தொட்டியும் கட்டுவது அங்கே வழக்கம். அங்குள்ள வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி 1980 முதல் சுமார் 30 ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார். அவர் குழு அமைத்த பெரிய அமைப்பில் தலா 7,800 லிட்டர் கொள்ளும் நான்கு மீன்தொட்டிகள். மிதவைத் தட்டுகளில் 214 சதுர மீட்டர் செடி. ஆண்டுக்குச் சுமார் 5 டன் திலாப்பியா கிடைத்தது. நாள்தோறும் புதிதாகச் சேர்த்த தண்ணீர் மொத்த அளவில் ஏறக்குறைய 1.5 சதவீதம்தான். லெட்டூஸ், துளசி இனத்துச் செடி, நம் வெண்டைக்காய்கூட அங்கே விளைந்தது.

திலாப்பியா வேறொன்றுமில்லை, நம் ஏரிகளில் பிடிபடும் ஜிலேபி மீனின் இனம்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது 1952-ல் இந்தியாவுக்கு வந்தது.

ரக்கோசி சொன்ன முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. எத்தனை மீன் என்பதை வைத்துச் செடியைக் கணக்கிடாதீர்கள், எவ்வளவு தீனி போடுகிறீர்கள் என்பதை வைத்துக் கணக்கிடுங்கள். மிதவை முறையில் ஒரு சதுர மீட்டர் செடிக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் தீனி போதும். மீன் தீனியில் இரும்பு, கால்சியம், பொட்டாசியம் குறைவு. அவற்றைத் தனியே சேர்க்க வேண்டும் என்றும் அவர் கண்டார்.

வெயிலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பம் கூடினால் அமோனியாவின் விஷமும் கூடும். ஆகவே நம் ஊரில் காற்று பம்ப் ஒரு மணி நேரம் நின்றாலும் ஆபத்து. இன்னொரு பக்கம், அந்தப் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகுவதும் இதே வெதுவெதுப்பில்தான். வெயில் நமக்கு எதிரி இல்லை, கவனம் கேட்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த பொதுக்குழுவில் மறுபடி அனுமதி கேட்கப் போகிறோம். இந்த முறை நிபந்தனைகளையும் நாங்களே வைக்கிறோம். 500 லிட்டர் தண்ணீர் என்றால் அரை டன் எடை. கட்டடப் பொறியாளர் சொல்லும் இடத்தில்தான் தொட்டி. பம்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பு. தீனி போடும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும். எந்த மீன் விடலாம் என்று மீன்வளத் துறையிடம் முதலில் கேட்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் மீனே கிடையாது. தினமும் ஒரு சிட்டிகை தீனியைத் தண்ணீரில் போட்டு அழுகவிட்டு, நன்றாக ஓடும் மீன்தொட்டி ஒன்றின் வடிகட்டிப் பஞ்சைக் கொண்டுவந்து அலசிவிட்டுக் காத்திருப்போம். தினமும் சோதனைக் கிட்டில் பார்த்துத் தகவல் பலகையில் எழுதுவோம். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று தொடர்ந்து ஒரு வாரம் வந்த பிறகே முதல் ஐந்து மீன். அதற்கு ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகலாம்.

அந்த மூத்த உறுப்பினரிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஐந்து மீனை விடலாமா என்று பலகையைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சரி என்று சொல்லும்வரை தொட்டியில் வெறும் தண்ணீர்தான் இருக்கும்.