ஏற்காட்டுக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க? போன இடங்களை பட்டியல் போட்டு வைப்பது எதற்கு, எப்படி? முழு விவரம்

சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் இருப்பவர்களிடம் "ஏற்காடு போயிருக்கீங்களா?" என்று கேட்டால், "அது எத்தனையோ தடவை" என்பதுதான் பதில். எத்தனை தடவை, எந்த வருடம், யாரோடு, கிளியூர் அருவியில் தண்ணீர் இருந்ததா என்று அடுத்த கேள்வி வந்தால் பலருக்கும் நினைவு தடுமாறும்.

அடிக்கடி பயணம் செய்பவர்கள் பலர் இதற்காகவே போன இடங்களின் பட்டியலை வைத்திருக்கிறார்கள். இது வெறும் பொழுதுபோக்கு மட்டும்தானா? இல்லை. சில நேரங்களில் விசாவும் வரியும்கூட இந்தப் பட்டியலை நம்பித்தான் இருக்கும்.

பட்டியல் எங்கே கேட்பார்கள்?

அமெரிக்க விசாவுக்கான டி.எஸ். 160 விண்ணப்பத்தில், கடந்த 5 ஆண்டுகளில் எந்தெந்த நாடுகளுக்குப் போனீர்கள் என்ற கேள்வி உண்டு. பிரிட்டன் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்கள், நாட்டுக்கு வெளியே இருந்த நாட்களைக் கணக்குக் காட்ட வேண்டும். 5 ஆண்டு கணக்கில் அது பொதுவாக 450 நாட்களைத் தாண்டக்கூடாது. ஷெங்கன் நாடுகளுக்கு குறுகிய கால விசாவில் போகிறவர்கள், எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதில் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது.

இந்திய வருமான வரியிலும் நாள் கணக்கு உண்டு. ஒரு நிதியாண்டில் 182 நாட்கள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால், வரிச் சட்டப்படி அவர் இங்கே வசிப்பவர். துபாய், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய் வருபவர்களுக்கு இது பெரிய விஷயம். வந்த தேதி, போன தேதியில் குழப்பம் வந்தால் சிக்கல்தான்.

"பாஸ்போர்ட்ல முத்திரை இருக்குமே?" என்று நினைக்கலாம். அந்த வசதியும் குறைந்து வருகிறது. சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, அனுமதி விவரம் மின்னஞ்சலில் வருகிறது. ஷெங்கன் நாடுகளும் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக மின்னணு பதிவு முறைக்கு மாறத் தொடங்கின. ஆகவே நம்ம கணக்கை நாமே வைத்துக்கொள்வது நல்லது.

உள்நாட்டுப் பயணத்துக்கும் கணக்கு வேண்டும். சம்பளத்தோடு வரும் விடுமுறைப் பயணச் சலுகைக்கு (எல்.டி.சி., எல்.டி.ஏ.) 4 ஆண்டுகள் ஒரு தொகுதி. 2022 முதல் 2025 வரை ஒன்று, 2026 முதல் 2029 வரை அடுத்தது. பழைய வரி முறையில் இருப்பவர்கள் ஒரு தொகுதிக்குள் 2 பயணங்களுக்கு விலக்கு கேட்கலாம். டிக்கெட்டும் தேதியும் கையில் இருந்தால்தான் வேலை நடக்கும்.

'போனது' என்றால் என்ன?

பட்டியல் போடுபவர்கள் அதிகம் சண்டை போடுவது இந்தக் கேள்வியில்தான். ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு விதி இருக்கிறது.

அமெரிக்காவில் 1954-ல் தொடங்கிய டிராவலர்ஸ் செஞ்சுரி கிளப், 100 நாடுகளையோ பகுதிகளையோ பார்த்தவர்களை உறுப்பினராகச் சேர்க்கிறது. விமானம் எரிபொருள் நிரப்ப நின்றாலே போதும், அந்த நாடு கணக்கில் சேரும். ஐ.நா. உறுப்பு நாடுகள் 193தான். ஆனால் தீவுகளையும் தனிப் பகுதிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் இந்த கிளப்பின் பட்டியல் 300-ஐத் தாண்டுகிறது.

இந்தியாவிலும் ஒரு உதாரணம் உண்டு. 2022-க்குள் குறைந்தது 15 உள்நாட்டு சுற்றுலா இடங்களையாவது பாருங்கள் என்று பிரதமர் மோடி 2019 சுதந்திர தின உரையில் கேட்டுக்கொண்டார். அதைத் தொடர்ந்து 2020 ஜனவரியில் மத்திய சுற்றுலா அமைச்சகம், சொந்த மாநிலத்துக்கு வெளியே 15 இடங்களைப் பார்த்துவிட்டுப் புகைப்படம் பதிவேற்றுபவர்களுக்கு ஊக்கம் தரப்படும் என அறிவித்தது. அந்தக் கணக்குப்படி சேலத்துக்காரர் ஏற்காட்டுக்கு நூறு தடவை ஏறினாலும் ஒன்றுகூட சேராது!

தமிழர்களுக்கு இடப் பட்டியல் புதிதல்ல. 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பர், தலங்களின் பெயர்களைத் தொகுத்தே பதிகம் பாடியிருக்கிறார். அவருடைய அடைவுத் திருத்தாண்டகம் ஊர்களை பள்ளி, குடி, ஊர், காடு, மலை, துறை என பெயரின் முடிவை வைத்து வகை பிரிக்கிறது. சுந்தரருக்கு ஊர்த்தொகை உண்டு. பாடல் பெற்ற தலங்கள் 276, திவ்ய தேசங்கள் 108 என்று எண்ணி எண்ணிப் போகும் பக்தர்கள் இன்றும் ஏராளம். இதில் 108-ல் திருப்பாற்கடலும் பரமபதமும் மண்ணுலகில் இல்லை. அதாவது உயிரோடு இருக்கும்வரை 106தான் முடியும்.

ஏற்காட்டை எப்படி எண்ணுவது?

சேர்வராயன் மலையை வைத்துப் பார்த்தால் சிக்கல் சுலபமாகப் புரியும். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள காட்சி முனைகள். இது மூன்று இடமா, ஒன்றா? பகோடா பாயிண்ட்டை பிரமிட் பாயிண்ட் என்றும் சொல்கிறார்கள். இரண்டு பெயரையும் எழுதினால் ஒரே இடம் இரண்டு தடவை சேர்ந்துவிடும். 'ஷெவராய்' என்பது சேர்வராயன் என்ற பெயரின் ஆங்கில வடிவம்தான், தனி மலை கிடையாது.

இதற்கு எளிய வழி, பட்டியலை மூன்று அடுக்காக வைப்பது.

1. மலை அல்லது மாவட்டம்: சேர்வராயன் மலை, சேலம் மாவட்டம்
2. ஊர்: ஏற்காடு, நாகலூர், மஞ்சக்குட்டை
3. இடம்: ஏரி, பகோடா பாயிண்ட், கரடி குகை, சேர்வராயன் கோயில், தேசிய ஆர்க்கிட் பூங்கா

எத்தனை ஊர், எத்தனை இடம் என்று தனித்தனியாக எண்ணினால் குழப்பம் இல்லை. பஸ்ஸில் கடந்து போனது, இறங்கிப் பார்த்தது, இரவு தங்கியது என மூன்று குறியீடு வைத்துக்கொண்டால் 'போனதா, இல்லையா' சண்டையும் தீர்ந்துவிடும்.

ஒரு பதிவில் என்ன எழுத வேண்டும்?

இடத்தின் பெயரை மட்டும் எழுதினால் இரண்டு வருடத்தில் அதற்கு அர்த்தம் இருக்காது. குறைந்தது இந்த 5 விவரங்கள் இருக்கட்டும்:

- தேதி: மாதமாவது வேண்டும். ஏற்காடு ஏரியின் உபரி நீர்தான் கிளியூர் அருவிக்குப் போகிறது. கோடையில் போனவருக்கு வெறும் பாறை, மழைக்குப் பிறகு போனவருக்கு சுமார் 300 அடி அருவி. தேதி இல்லாவிட்டால் இரண்டும் ஒரே பதிவுதான்.
- வழி: சேலம் அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனதா, குப்பனூர் வழியா?
- யாரோடு: பிற்காலத்தில் அதிகம் தேடப்படும் விவரம் இதுதான்.
- செலவும் நிலையும்: டிக்கெட், சாப்பாடு, அறை வாடகை. இடம் திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா?
- ஒரே ஒரு வரி: பார்த்ததில் மனதில் நின்றது எது? 'காபிப் பூ வாசனை' என்று இரண்டு சொல் இருந்தாலும் போதும்.

போன் பார்த்துக்கும்னு விட்டுடலாமா?

கூகுள் மேப்ஸில் டைம்லைன் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்தால் போன இடங்கள் தானாகப் பதிவாகும். மலையில் டவர் கிடைக்காவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், ஏனென்றால் அது செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கிறது.

ஆனால் அதை மட்டும் நம்புவது ஆபத்து. முன்பு கூகுள் சர்வரில் இருந்த இந்தத் தகவல், இப்போது அவரவர் போனிலேயே சேமிக்கப்படுகிறது. பேக்கப் ஆன் செய்யாமல் போன் தொலைந்தால் பதிவும் போச்சு. 2025 மார்ச்சில் தொழில்நுட்பக் கோளாறால் சிலருடைய டைம்லைன் தகவல்கள் அழிந்ததை கூகுள் ஒப்புக்கொண்டது. பேக்கப் வைத்திருந்தவர்களால் மீட்க முடிந்தது. மற்றவர்களின் பல வருடப் பதிவு போனது போனதுதான்.

டைம்லைன் ஓடட்டும், தவறில்லை. கூடவே ஒரு நோட்டிலோ எக்செல் ஷீட்டிலோ சொந்தப் பட்டியல் இருக்க வேண்டும். ஷீட்டை மாதம் ஒரு முறை மின்னஞ்சலில் தனக்கே அனுப்பி வைப்பது சுலபமான பேக்கப்.

பழைய பயணங்களை எப்படித் திரட்டுவது?

- போனில் எடுத்த ஒரிஜினல் போட்டோவில் தேதி இருக்கும். கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் இடமும் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக வந்ததில் இடத் தகவல் இருக்காது.
- ரயில், பஸ் முன்பதிவு செய்திகளை மின்னஞ்சலில் தேடலாம்.
- காரில் போனவர்களுக்கு ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட் உதவும். எந்த சுங்கச்சாவடியை எந்தத் தேதியில் கடந்தீர்கள் என்பது அதில் இருக்கும்.
- காலாவதியான பாஸ்போர்ட்டை தூக்கிப் போடாதீர்கள்.
- பஸ் டிக்கெட், ஓட்டல் பில்லில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.
- வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தேதி மறந்திருந்தாலும் "சின்னவன் பொறந்த வருஷம்" என்று துப்பு கிடைக்கும்.

பொதுவில் போடும் முன் கவனம்

பட்டியலை சோஷியல் மீடியாவில் போடுவதாக இருந்தால், திரும்பி வந்த பிறகு போடுங்கள். ஊரில் இல்லை என்று ஊருக்கே சொல்வது வீட்டுக்குப் பாதுகாப்பல்ல.

இன்னொன்று, 'யாருக்கும் தெரியாத அருவி' என்று லொகேஷனோடு போடும் பழக்கம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது நினைவிருக்கும். அதன் பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. அனுமதி பெற்ற பாதை எது என்று அதில் பார்த்துவிட்டுப் போவதுதான் சரி.

காட்டில் பார்த்த அரிய ஆர்க்கிட் செடியின் துல்லியமான இடத்தையும் பகிர வேண்டாம். ஐ-நேச்சுரலிஸ்ட் தளம்கூட அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சரியான இடத்தை மறைத்தே காட்டுகிறது.

டிக் அடிக்க மட்டும் போனால்?

பட்டியலுக்கு ஒரு குறையும் உண்டு. அதில் இருப்பது மட்டும்தான் கண்ணில் படும். யுனெஸ்கோ பட்டியலில் மேற்குத் தொடர்ச்சி மலை 2012-ல் இடம்பெற்றது. சேர்வராயன் மலையோ கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. யுனெஸ்கோ பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டு சுற்றுபவர் இந்தப் பக்கம் வரவே மாட்டார்.

ஏற்காட்டுக்கு வருபவர்களிலும் பலர் அரை நாளில் ஏழெட்டு பாயிண்ட் பார்த்து, டிக் அடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காபி வந்த கதையோ, மலையாளி பழங்குடி மக்களின் கிராமங்களோ, சுமார் 5,326 அடி உயரத்தில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயிலில் மே மாதம் நடக்கும் திருவிழாவோ அந்தப் பட்டியலில் வருவதில்லை.

அதனால் அனுபவசாலிகள் 'போன இடம்' பக்கத்திலேயே இன்னொரு பத்தியும் வைக்கிறார்கள். அதன் தலைப்பு, 'அடுத்த தடவை பார்க்க வேண்டியது'. எத்தனையோ தடவை போன ஏற்காட்டுக்கும் அந்தப் பத்தியில் எழுத ஏதாவது மிச்சம் இருக்கும்.