விறகு தொட்டியும் வில் ரம்பமும்



வடசென்னை உப்பைப் பற்றி எழுதியபோது, "சார், விறகைப் பத்தியும் எழுதுங்க" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோடு நோக்கி முதல் ரயில் கிளம்பியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. இதை எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அந்த எஞ்சின் எதைத் தின்று ஓடியது என்று கேட்டால் பலர் நிலக்கரி என்பார்கள். நிலக்கரி கப்பலில் இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய காலம் அது. விலை கட்டுப்படியாகாது. அதனால் நம் பக்கத்து ரயில்கள் பல ஆண்டுகள் விறகைத்தான் பெருமளவு எரித்தன. தண்டவாளம் போன வழியெல்லாம் காடு குறைந்தது.

இதில் ஒரு பொருத்தத்தைப் பாருங்கள். மதராஸ் மாகாணத்தில் வனத்துறை ஏற்பட்டதும் அதே 1856-ல்தான். ஹ்யூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அதன் முதல் காப்பாளர். ரயிலுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு விறகு வேண்டும், காடு அதைத் தாங்குமா என்பது அவருக்குப் பெரிய கவலை. விறகுக்கென்றே மரம் வளர்க்க வேண்டும் என்று அவர் போன்றவர்கள் வலியுறுத்தினார்கள்.

அப்படிப் பரவியதுதான் நம் கடற்கரைச் சவுக்கு. வெறும் மணலில் வளரும். அதன் வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் உரம் அதிகம் கேட்காது. சில ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். சூடு நின்று எரியும். பொன்னேரி, பழவேற்காடு வட்டாரத்தில் தோப்பு தோப்பாக நின்ற சவுக்கு வெறும் காற்றுக்காக வைத்ததல்ல. பட்டணத்து அடுப்புக்காகவும் எஞ்சினுக்காகவும் வைத்தது.

விறகு பட்டணத்துக்கு வந்த வழி பக்கிங்ஹாம் கால்வாய். 1806 வாக்கில் மதராசிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய பகுதிதான் அதன் தொடக்கம். முதலில் காக்ரேன் கால்வாய் என்று பெயர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி வேலையாகக் கொடுத்து நகரத்துக்குள் அடையாறு வரை இணைத்தார்கள். அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. அந்தக் கால்வாயில் உப்பு வந்தது, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் வந்தது, மலைபோல் விறகு வந்தது. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி ஊன்றுவார்கள், கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள்.

விறகு வந்த இடங்களில் முக்கியமானது ஸ்ரீஹரிகோட்டா. ஆம், ராக்கெட் விடும் அதே தீவு. அங்கு வாழ்ந்த யானாதி மக்கள் காட்டில் வெட்டிச் சேர்த்த விறகு படகேறி மதராசுக்கு வந்தது. 1971 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. இஸ்ரோ வரலாற்றில் அந்தத் தேதி இருக்கிறது. அதற்கு முன் நூறாண்டுக்கு மேல் நம் உலையைக் கொதிக்க வைத்த யானாதிகளின் பெயர் எந்த ஏட்டிலும் தனித்தனியாக இல்லை.

இனி விறகு தொட்டிக்கு வருவோம். இன்றைய பிள்ளைகளுக்குத் தொட்டி என்றால் தண்ணீர்த் தொட்டிதான். அன்று விறகுக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். வாசலில் ஆளுயரத் தராசு தொங்கும். 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். கிலோ வந்த பிறகும் பெரியவர்கள் மணங்குக் கணக்குதான் பேசுவார்கள். என் சிறு வயதில் ராயபுரத்தில் விறகு வாங்கப் போனால், "ஈர விறகா பாத்து வாங்காதே, தண்ணி எடைக்குக் காசு குடுக்காதே" என்று அம்மா சொல்லி அனுப்புவார்கள். பெரிய கட்டை ஒரு விலை, பிளந்த விறகு ஒரு விலை, சவுக்கு மிலாறு இன்னொரு விலை. அதற்கும் வழியில்லாதவர்கள் மரம் அறுக்கும் மில்லில் தூள் வாங்கி மரத்தூள் அடுப்பில் இட்டு எரிப்பார்கள்.

தொட்டியின் பின்பக்கம் கோடாரிச் சத்தம் காலையிலிருந்து கேட்கும். சவுக்கு காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி. கணு உள்ள இடத்தில் கோடாரி துள்ளும். ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்துத்தான் பிளக்க வேண்டும். தடித்த கட்டை என்றால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று நீள ரம்பத்தை இழுப்பார்கள். நாள் முழுக்கக் குனிந்த வேலை. முதலில் போவது இடுப்பு.

உலகம் முழுக்க இதே கதைதான். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தையும், 1929-ல் பெட்ரோலில் ஓடுவதையும் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரே ஆள் தூக்கும் அளவுக்குச் சிறியதாயிற்று. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் ஒரு வண்டுப்புழுவைக் கவனித்தார். அது இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துக்கொண்டே போயிற்று. அதே மாதிரி பல் வைத்து அவர் செய்த சங்கிலிதான் இன்றைய ரம்பச் சங்கிலிக்கெல்லாம் முன்னோடி. புழுவிடம் பாடம் கற்றவர் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் மரம் வெட்டும் காண்டிராக்ட் எடுக்கிறார். ஒரு பழைய படத்தை அனுப்பி, "சார், இது என்ன மிஷின், வளையம் மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அதைத்தான் 'போ பார்' என்பார்கள். போ என்றால் வில். நாம் வில் ரம்பம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சாதாரண மிஷினில் சங்கிலி ஒரு தட்டையான பட்டையைச் சுற்றி ஓடும். வில் ரம்பத்தில் பட்டை இல்லை, வில்லாக வளைந்த சட்டம்தான், நடுவில் வெற்றிடம். இதனால் இரண்டு லாபம். இரு முனையும் தாங்கலில் கிடக்கும் கட்டையை மேலிருந்து அறுத்தால், பாதியில் மரம் உள்ளே அழுந்திப் பட்டையைக் கவ்விக்கொள்ளும். வில்லில் கவ்வுவதற்கு ஒல்லியான சட்டம்தான் உண்டு. இரண்டாவது, தரையில் கிடக்கும் கட்டையையும் அடர்ந்த புதரையும் அதிகம் குனியாமல் அறுக்கலாம். சங்கிலி மண்ணைத் தொடாதபடி சில வில்களில் கீழே ஒரு இரும்பு முனையும் இருக்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பேப்பர் மில்லுக்குக் கட்டை வெட்டிய கூலிகள் 5 அடிக்குச் சற்று மேலான துண்டுகளாக நாள் முழுக்க இதால் அறுத்தார்கள். இடுப்பு தப்பியது.

ஆனால் வேறொரு ஆபத்து வந்தது. ஓடும் சங்கிலியின் நுனி மேற்பகுதி எதிலாவது பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் ரம்பம் ஆளை நோக்கித் திரும்பி அடிக்கும். எல்லாச் சங்கிலி ரம்பத்துக்கும் இந்தக் குணம் உண்டு. வில்லில் வெளியே தெரியும் சங்கிலி அதிகம், வளைவும் அகலம், அதனால் ஆபத்தும் அதிகம். 1980களுக்குப் பிறகு பாதுகாப்பு விதிகள் இறுகியபோது வில் ரம்பம் மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டது.

நம் ஊருக்கு அது பரவலாக வரவே இல்லை. வந்திருந்தால் அதற்கு வேலை நிறைய இருந்திருக்கும். எண்ணூர் கழிமுகத்து ஓரம், பழைய உப்பளங்களின் கரை எல்லாம் சீமைக்கருவேலம்தானே. 1877 வாக்கில் விறகுப் பஞ்சம் தீர மதராஸ் மாகாணத்துக்கு விதை வரவழைத்துப் போட்ட மரம் அது. தரையிலிருந்தே பல கிளையாகப் பிரியும், முள்ளோ செருப்பைத் துளைக்கும். அதை வெட்டுபவர்கள் இன்றும் அரிவாளோடு குனிந்துதான் நுழைகிறார்கள்.

நம் அடுப்பு மாறியது வேறு வழியில். மணலியில் 1969-ல் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. மண்ணெண்ணெய் ஸ்டவ், பிறகு கேஸ். 2007 வாக்கில் அரசே இலவசமாகக் கேஸ் அடுப்பு கொடுத்தது. ஊதுகுழலோடு கண்ணைக் கசக்கிய பெண்களுக்கு அது விடுதலை. தொட்டிகள் ஒவ்வொன்றாக மூடின. சவுக்கு இன்று பேப்பர் மில்லுக்கும் சாரம் கட்டவும் போகிறது.

மரம் அறுக்கும் மிஷினை நம் தெருக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தது 2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்த பிறகுதான். சாய்ந்த மரங்கள் ஆயிரக்கணக்கில். லுங்கியும் ரப்பர் செருப்புமாக இளைஞர்கள் இறங்கி அறுத்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு நொடியில் சுமார் 20 மீட்டர் ஓடும் சங்கிலி அது. கோடாரி தவறினால் காயம். இது தவறினால் கையோ காலோ போய்விடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த புயலுக்கு உங்கள் தெருவில் யாராவது மிஷினோடு வந்தால், டீ வாங்கிக் கொடுப்பதோடு நிற்காதீர்கள். காலில் ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்கு ஹெல்மெட் இருக்கிறதா என்று பாருங்கள். நுனியால் குத்த வேண்டாம், தோளுக்கு மேல் தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். காண்டிராக்ட் கொடுக்கிறவர்கள் ஷூவுக்கும் ஹெல்மெட்டுக்கும் சேர்த்தே தொகை பேசுங்கள். இடுப்பு ஒடிந்த பழைய ஆட்களுக்கு நாம் ஒன்றும் செய்யவில்லை. இந்தப் பிள்ளைகளுக்காவது செய்வோம்.

காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் எங்கெங்கே விறகு தொட்டி இருந்தது, இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அங்கே விறகு பிளந்தவர்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்கிறேன்.