யார் ஏழை என்று கேட்காத கடை: தமிழ்நாட்டில் பொது விநியோகம் பொதுவாகவே நின்ற வரலாறு

1997 ஜூன் மாதம் ஒன்றிய அரசு ரேஷன் முறையை இரண்டாகப் பிரித்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு ஒரு விலை, மேலே உள்ளவர்களுக்கு வேறு விலை. மானியம் ஏழைக்கு மட்டுமே போய்ச்சேர வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். பெரும்பாலான மாநிலங்கள் அந்தக் கோட்டைத் தங்கள் குடும்ப அட்டைகளின்மேல் வரைந்தன. தமிழ்நாடு வரையவில்லை. தமிழக அரசுகள் வறுமைக்கு எதிராக எடுத்த முடிவுகளில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான முடிவு இதுவே என்பது என் கருத்து.

அந்த மறுப்புக்கு நெடிய முன்கதை உண்டு. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. மறு ஆண்டு வங்கத்தில் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. பங்கீட்டு முறை இந்த அச்சத்தில் பிறந்தது. ஏழைகளுக்கான திட்டமாக அதை அன்று யாரும் கருதவில்லை. தட்டுப்பாடு எல்லோருக்கும் பொது என்பதால் அட்டையும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. 1952-இல் முதலமைச்சர் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கியபோது மக்கள் மகிழ்ந்தார்கள். அன்று ரேஷன் என்றால் உரிமை அல்ல, கெடுபிடி.

அது உரிமையாக மாறியது 1960-களில். 1965-இல் தொடங்கப்பட்ட இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் அமைத்தது. அடுத்தடுத்து மழை பொய்த்தது. நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற தஞ்சையைக் கொண்ட மாநிலத்திலேயே அரிசிக்காக வரிசையில் நின்றார்கள். 1967 தேர்தலில் தி.மு.க. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று முழங்கியது. வென்றபின் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் நடைமுறைக்கு வந்தது. மாநிலம் முழுவதற்கும் விரிக்க நிதி இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் அரிசி விலைக்கு அரசே பொறுப்பு என்ற எண்ணம் அந்தத் தேர்தலோடு ஊன்றிவிட்டது. பிறகு எந்தக் கட்சியாலும் அதைப் பிடுங்க முடியவில்லை.

1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. நெல்லை வாங்குவது, அரைப்பது, கிடங்கில் வைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தின. 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் போன்ற முன்னோடிகள் இங்கே ஏற்கெனவே இருந்தன. மக்கள் இன்றும் ரேஷன் கடையை ‘சொசைட்டி’ என்று அழைப்பதில் இந்த வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனியார் முகவர்களிடம் கடைகளை விட்ட மாநிலங்களில் முகவருக்கு லாபம் வேண்டும். அட்டைகள் குறைந்தால் அவர் பிழைப்பே கள்ளச்சந்தையில்தான் என்றாகும்.

1997-க்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் 48.63 லட்சம் குடும்பங்களே வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளன என்று ஒன்றிய அரசு கணக்கிட்டது. 1993-94-ஆம் ஆண்டு வறுமை விகிதம் அதற்கு அடிப்படை. விகிதத்தைக் கணிப்பது ஒன்று. இந்த வீடு ஏழை, அந்த வீடு ஏழை இல்லை என்று தெருவில் நின்று அடையாளம் காட்டுவது முற்றிலும் வேறு. நடவு நாளில் கூலி உள்ள வீடு, கோடையில் பட்டினி கிடக்கிறது. ஒரு ஆஸ்பத்திரிச் செலவில் நடுத்தரக் குடும்பம் கடனுக்குள் விழுகிறது. பட்டியலோ பல ஆண்டுகளுக்கு மாறாது. அதில் பெயர் சேர்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவருடைய தயவில்தான் ஏழை நிற்க வேண்டியிருக்கும்.

நடந்ததும் அதுவே. பிரித்து வழங்கும் முறையில் மானிய தானியத்தில் 58 விழுக்காடு உரிய ஏழைக் குடும்பங்களைச் சேரவில்லை என்று திட்டக் குழுவின் 2005 மதிப்பீடு சொன்னது. அதற்கு முன்பே, 2002-இல், அபிஜித் சென் தலைமையிலான உயர்நிலைக் குழு பொது விநியோகத்தை மீண்டும் எல்லோருக்கும் பொதுவாக்கப் பரிந்துரைத்தது. தகுதியற்றவர் சேர்ந்துவிடுவதால் இழப்பது பணம். தகுதியுள்ளவர் விடுபட்டால் இழப்பது உணவு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தவறு.

தமிழ்நாடும் ஒருமுறை தடுமாறியது. 2000-களின் தொடக்கத்தில் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் அட்டைகளில் ‘எச்’ முத்திரை குத்தி, அரிசி கிடையாது என்றார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் மாநில ஆளுங்கட்சி ஓர் இடமும் பெறாமல் தோற்றது. அந்த மே மாதமே முத்திரை நீக்கப்பட்டது. தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் முத்திரையை வெறுத்தவர்களில் நடுத்தர மக்களும் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் வீடும் கூலிக்காரர் வீடும் ஒரே கடையில் வாங்கும்வரை, அரிசியில் நாற்றம் அடித்தால் கேட்பதற்கு உரத்த குரல் இருக்கும். ஏழைக்கு மட்டுமான கடையில் அந்தக் குரல் இருக்காது.

எல்லோருக்கும் என்றால் எல்லோரும் வாங்குகிறார்களா? இல்லை. அரிசி வேண்டாதவர்கள் சர்க்கரை அட்டை வைத்திருக்கிறார்கள். எதுவும் வேண்டாதவர்களுக்குப் பொருளில்லா அட்டை உண்டு. அரிசி அட்டை வைத்திருந்தும் சன்ன அரிசிக்கு மாறியவர்கள் கடைப் பக்கம் போவதில்லை, அல்லது இட்லி மாவுக்கு மட்டும் வாங்குகிறார்கள். வருமானச் சான்று கேட்காமலேயே, தேவை உள்ளவர் வருகிறார், இல்லாதவர் ஒதுங்குகிறார்.

விலை படிப்படியாக இறங்கியது. கிலோ 3.50 ரூபாய்க்கு விற்ற அரிசி 2006-இல் 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய். 2007-இல் துவரம் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் வந்தது. ‘ரேஷன் அரிசியால் வேலைக்கு ஆள் வருவதில்லை’ என்று நிலம் வைத்திருப்பவர்கள் குறைப்பட்டுக்கொள்வதைக் கிராமங்களில் கேட்கலாம். அந்தக் குறையையே நான் ஒரு சான்றாக எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் உலை வைக்க அரிசி இருந்தால், கொடுத்த கூலியைக் கைகட்டி வாங்கிக்கொள்ளும் கட்டாயம் கூலிக்காரருக்குக் குறைகிறது. நிலம் இல்லாதவருக்கு அரிசி நிலம் தந்துவிடாது. ஆனால் பேரம் பேச ஒரு வாரம் அவகாசம் தருகிறது.

2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி தமிழகத்தின் கிராமங்களில் 62.55 விழுக்காட்டினரும் நகரங்களில் 37.79 விழுக்காட்டினரும் மட்டுமே பயனாளிகள். மாநில அரசு மூன்று ஆண்டுகள் எதிர்த்து நின்றது. 2016 நவம்பரில் சேர்ந்தது. சேர்ந்தபோதும் எந்த அரிசி அட்டையையும் வெட்டவில்லை. சட்டத்துக்குள் வராத குடும்பங்களுக்கான செலவை மாநிலமே ஏற்றது.

இந்த முறைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ 2020 அக்டோபரில் இங்கு வந்தபின், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்கு வந்த தொழிலாளி தன் ஊர் அட்டையைக் காட்டி இங்குள்ள கடையில் தானியம் வாங்கலாம். ஆனால் அந்த அட்டை அவருடைய ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் செல்லும். அங்கே விடுபட்டவர் ரயிலேறி இங்கு வந்தபின்னும் விடுபட்டவராகவே இருக்கிறார். பனியன் கம்பெனிக்கு எதிரிலேயே சொசைட்டி இருக்கும். எவரிடமும் ஏழையா என்று கேட்காத அந்தக் கடை, அவரிடம் மட்டும் கேட்கிறது.