சுவரில் ஓடிய செய்தி

பெருநகரங்களில் அந்தி சாய்ந்ததும் கட்டட முகப்புகளே திரைகளாகிப் படம் காட்டுவதை நம் பிள்ளைகள் இன்று வியப்பின்றிக் கடந்து செல்கின்றனர். அவ்வொளிக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றினுள் தீராத வழக்கொன்றும் உண்டு. தெருவில் நடப்போர் கண்ணெதிரே நிற்கும் சுவர் யாருக்கு உரியது என்பதே அவ்வழக்கு. அது விளங்க, நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கம் வரை சென்று வருதல் வேண்டும்.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் புதிய கோபுரக் கட்டடத்தை எழுப்பியபோது, 1904இல் அச்சதுக்கம் அப்பெயர் பெற்றது. 1928 நவம்பரில் அக்கட்டடத்தின் நான்கு பக்கங்களையும் சுற்றி, 5 அடி உயரமும் 380 அடி நீளமும் கொண்ட மின்விளக்குப் பட்டை ஒன்று பொருத்தப்பட்டது. 14,800 பல்புகள்! அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஹூவர் வென்ற செய்தியே அதில் முதலில் ஓடியது. எழுத்து வடிவங்களை வரிசையாகக் கோத்து உள்ளே நகர்த்துவர். அவை மின்தொடுமுனைகளைத் தொடத் தொட, அவற்றிற்குரிய பல்புகள் எரிந்து அணையும். உண்மையில் எதுவும் ஓடவில்லை. விளக்குகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஓட்டம் என்பது கண்ணின் மயக்கமே. இன்றைய பெருந்திரைகளின் சூட்சுமமும் இதுவன்றி வேறில்லை.

1945 ஆகஸ்டு 14 அன்று மாலை, ஜப்பான் சரணடைந்த செய்தி அப்பட்டையில் ஓடிற்று. வீடுகளில் வானொலி இருந்த காலம் அது. ஆயினும் மக்கள் சதுக்கத்தில் திரண்டு, அண்ணாந்து நின்று, ஒன்றாகவே அதனைப் படித்தனர். முரசறைவோனைச் சூழ்ந்து நின்ற பழங்காலக் கூட்டமே நம் நினைவுக்கு வருகிறது.

அதே சதுக்கத்தில் 1976இல் கணிப்பொறியால் இயங்கும் வண்ண விளக்குத் திரை வந்தது. வணிக விளம்பரத்திற்கென்று அமைந்த அத்திரையில், 1982 முதல் 1990 வரை கலைஞர்களுக்கும் சிறிது இடம் கிடைத்தது. ஜென்னி ஹோல்சர் என்னும் பெண் கலைஞர், விற்பனைச் சொற்களுக்கு நடுவே தம் சிறுசிறு வாசகங்களை ஓடவிட்டார். எதையும் வாங்கச் சொல்லாத அவ்வாசகங்களைக் கண்டு, வழிப்போக்கர் சற்றே திகைத்திருப்பர்.

இதற்கிடையே அச்சதுக்கத்தைச் சீர்திருத்தி, நான்கு பெரும் அலுவலகக் கோபுரங்களை எழுப்பத் திட்டம் வகுத்தனர். விளக்குகள் மறைந்துவிடுமோ என்று நகரப் பற்றாளர்கள் அஞ்சினர். 1984 மார்ச்சில் ஓர் இரவு, சதுக்கத்தின் விளக்குப் பலகைகள் யாவும் அணைக்கப்பட்டன. ஒன்று மட்டும் எரிந்து, இருளைப் பாரீர் என்று நகரத் தலைவரிடம் முறையிட்டது. அதன் பயனாக 1987இல் விதி பிறந்தது: அங்கே எழும் புதிய கட்டடங்கள் ஒளிரும் பலகைகளைத் தாங்கியே ஆகவேண்டும்; இத்துணை ஒளி வேண்டும் என்று அளவுகோலும் வகுத்தனர். விதிகளோடு நாள் கழிக்கும் அலுவலர்களாகிய நாம், விளம்பரத்தைத் தடுக்கும் விதிகளையே அறிவோம். விளம்பரத்தைக் கட்டாயமாக்கிய விதி நமக்குப் புதிது.

ஆனால் அவர்கள் காக்க விரும்பியது எது, காக்கப்பட்டது எது? 1995இல் ஒரு நிதி நிறுவனம் அப்பழைய டைம்ஸ் கோபுரத்தை வாங்கிற்று. உள்ளே அறைகளை வாடகைக்கு விடுவதினும் வெளியே சுவரை வாடகைக்கு விடுவதே இலாபம் என்று அது கண்டது. அதன்பின் நெடுங்காலம் மேல்மாடிகள் பெரும்பாலும் ஆளின்றிக் கிடக்க, புறச்சுவர் மட்டும் இரவும் பகலும் பொருளீட்டியது. ஊரார் ஊருக்காகக் கேட்ட ஒளியை வணிகர் பெற்றுக்கொண்டனர் என்றே நாம் கருதுகிறோம்.

சிவப்பு ஒளி உமிழும் அரைக்கடத்தி விளக்கு 1962இலேயே வந்துவிட்டது. ஒளி மிக்க நீல விளக்கை ஜப்பானில் நாகமுரா 1993இல் படைத்த பின்னரே, மூவண்ணமும் கூடி முழுநிறப் படம் வெயிலிலும் தெரியலாயிற்று. அகசாகி, அமனோ ஆகியோருடன் அவருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் சுவர்கள் திரையாவதற்குத் தடையேது! பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநகரம் மட்டும் எதிர்வழி சென்று, 2007 முதல் வெளிப்புற விளம்பரங்களையே சட்டத்தால் அகற்றிற்று.

வேறொரு வழியும் இருந்தது. 2001 செப்டம்பரில் பெர்லின் நகரின் 'ஆசிரியர் இல்லம்' என்னும் கட்டடத்தில், கணிப்பொறி ஆர்வலர் சிலர் 144 சன்னல்களுக்குப் பின்னால் ஒவ்வொரு விளக்கை வைத்தனர். ஒரு சன்னல் ஒரு புள்ளி. வரிசைக்கு 18 வீதம் எட்டு வரிசைகள். தெருவில் நின்றவர் கைப்பேசியால் அச்சுவரில் பந்தாட்டம் ஆடினர்; தம் காதலருக்கு மடல் தீட்டி அங்கே ஒளிரச் செய்தனர். 2002 பிப்ரவரியில் விளக்குகளைக் கழற்றி எடுத்தனர். சன்னல்கள் மீண்டும் சன்னல்களாயின.