கேட்டைத் தூக்கினார்கள், பதிவைப் பிடித்தார்கள்

இந்த வாரம் வயலை விட்டு ரொம்ப தூரம் போறோம். ஆனா விஷயம் என்னவோ சந்தைக்கு வண்டி ஓட்டிப் போற எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: சுங்கம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்ப்ஷயர் என்று ஒரு சின்ன மாநிலம். அதன் கடற்கரைப் பக்கம் ஹாம்ப்டன், ஹாம்ப்டன் ஃபால்ஸ் என்று அடுத்தடுத்து ரெண்டு ஊர். நடுவில் டெய்லர் ஆறு. 1800களின் தொடக்கத்தில் ஒரு கம்பெனி அங்கே சதுப்பு நிலத்தில் கரை போட்டு, ஆற்றைத் தாண்டுறவங்ககிட்ட சுங்கம் வாங்க ஆரம்பிச்சது. ஊர்க்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா? கொஞ்சம் மேலே தள்ளி தாங்களே ஒரு சின்னப் பாலத்தைப் போட்டு, அந்த வழியா வண்டியை விட்டாங்க. அந்த வழிக்கு 'ஷன்பைக்' என்றே பேர். 'பைக்' என்றால் சுங்கச்சாவடியில் ரோட்டுக்குக் குறுக்கே நிக்கிற ஈட்டி மாதிரியான கட்டை. 'ஷன்' என்றால் தவிர்ப்பது. நாம முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்'னு பட்டம் கொடுத்தோம். அங்கே ராஜா இல்லை, அதனால ரோட்டுக்கே அந்தப் பட்டத்தைக் கொடுத்துட்டாங்க. 1826-ல் கம்பெனி சுங்கத்தை எடுக்கிற வரைக்கும் இந்தப் பாலம் ஓடியிருக்கு.

இதைப் படிக்க ஆரம்பிச்ச காரணம் என் அக்கா மகன். அமெரிக்காவுல வேலை. போன்ல பேசிக்கிட்டு இருக்கும்போது, "மாமா, இங்க பக்கத்து மாநிலத்து டோலைக் கட்டலைன்னா நம்ம மாநிலத்துல வண்டிப் பதிவையே நிறுத்தி வெச்சிடுவாங்க"ன்னான். பக்கத்து ஊர்க் கடனுக்கு நம்ம ஊர்ல ஜப்தியான்னு எனக்கு ஆச்சரியம். அது எப்படி வந்ததுன்னு தேடிப் போனா, கதை இருநூறு வருஷம் பின்னாடி போகுது.

பென்சில்வேனியாவில் ஃபிலடெல்பியாவுக்கும் லான்காஸ்டருக்கும் இடையே 62 மைல், நம்ம கணக்குல சுமார் 100 கிலோமீட்டர், கல் பரப்பிய ரோடு ஒன்றை 1790களில் ஒரு தனியார் கம்பெனி போட்டது. லான்காஸ்டர் நல்ல விவசாய பூமி. கோதுமையும் மாவும் வண்டி வண்டியா நகரத்துக்குப் போகணும். மழை பெஞ்சா அச்சு வரைக்கும் புதையிற மண் ரோடு, காசு கொடுத்தா கல் ரோடு. விவசாயி கணக்குப் போட்டுக் காசைக் கொடுத்தான். அதைப் பார்த்து ஊர் ஊருக்கு இப்படிக் கம்பெனிகள் முளைச்சது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்தக் காலத்துச் சட்டத்தில் இருந்த விலக்குகள். மாவு மில்லுக்குத் தானியம் கொண்டு போறவன், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன், தன் பண்ணை வேலையாப் போய் வர்றவன் இவங்களுக்கெல்லாம் பல இடங்களில் சுங்கம் கிடையாது. கேட்டில் உட்கார்ந்திருக்கிறவனும் உள்ளூர்க்காரன். முகத்தைப் பார்த்தா யாரு, எந்தக் காட்டுக்காரன், எதுக்குப் போறான்னு தெரியும். ஆனா வண்டியில ஒரு மூட்டை தானியத்தை எப்பவும் போட்டு வெச்சுக்கிட்டு "மில்லுக்குப் போறேங்க"ன்னு சொல்ற ஆளும் இருந்திருக்கத்தானே செய்வான்? நான் அந்த ஊர்ல இருந்திருந்தா மூட்டை போட்டிருப்பேன்.

எல்லா இடத்திலும் இப்படிச் சிரிச்சு முடியலை. கென்டக்கியில் 1890களில் பயிர் விலை விழுந்து கிடந்த காலத்தில், விவசாயிகள் முகத்தை மூடிக்கிட்டு ராத்திரியில் குதிரையில் வந்து கேட்டுகளை வெட்டிப் போட்டாங்க, சாவடி வீடுகளைக் கொளுத்தினாங்க. 'டோல்கேட் போர்' என்றே அதை எழுதி வெச்சிருக்காங்க. கடைசியில் கவுன்டி நிர்வாகங்கள் அந்த ரோடுகளை வாங்கி இலவசமாத் திறந்துவிட வேண்டியதாச்சு. கொளுத்தினது சரின்னு நான் சொல்ல மாட்டேன். சாவடியில இருந்தவனும் ஏழைதான். ஆனா கோபத்தைக் காட்ட எதிர்ல ஒரு கட்டை நின்னது.

அந்தக் கட்டைக்கு ஒரு குணம் உண்டு. நீ எந்த மாநிலம், உன் பேரென்ன, விலாசம் என்ன எதையும் அது கேட்காது. காசு கொடுத்தா திறக்கும், இல்லேன்னா திறக்காது. பாக்கி, கடன், நோட்டீஸ் எதுவுமே அதுக்குத் தெரியாது.

நம்பர் பிளேட் தனிக் கதை. 1901-ல் நியூயார்க் மாநிலம் மோட்டார் வண்டிகளைப் பதிவு பண்ணச் சொன்னது. பிளேட்டை வண்டிக்காரரே செஞ்சுக்கணும், அதில் நம்பர்கூட இல்லை, சொந்தக்காரர் பேரின் முதல் எழுத்துகள்தான். 1903-ல் மாசசூசெட்ஸ்தான் முதலில் அரசே பிளேட்டைக் கொடுத்தது. புழுதியைக் கிளப்பி, குதிரையை மிரள வெச்சுட்டு ஓடற வண்டி யாருதுன்னு தெரியணும், அவ்வளவுதான் அன்னைக்குத் தேவை. அதை வெச்சு ஒருநாள் ரோட்டுக் காசு வசூலிப்பாங்கன்னு யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க.

பிறகு பெரிய சுங்கச் சாலைகள் வந்தன. 1940-ல் பென்சில்வேனியா, 1947-ல் மெய்ன், 1950-ல் நியூ ஹாம்ப்ஷயர், 1957-ல் மாசசூசெட்ஸ். எல்லாவற்றிலும் சாவடி, உள்ளே ஆள், சில்லறை. 1993-ல் நியூயார்க்கின் ஸ்ப்ரிங் வேலி சாவடியில் 'ஈ-இசட் பாஸ்' என்ற மின்னணு அட்டை நடைமுறைக்கு வந்தது. நம்ம ஃபாஸ்டேகுக்குப் பெரியப்பான்னு வெச்சுக்கலாம். அப்புறம் கேட்டே எதுக்குன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. 2010-ல் அதே ஹாம்ப்டனில், இன்டர்ஸ்டேட் 95 சாலையில், பிரேக் பிடிக்காமலே போற மாதிரி நடு வழிகளைத் திறந்தாங்க. 2016 அக்டோபரில் மாசசூசெட்ஸ் தன் பெரிய சாலையில் சாவடிகளையே இடிக்க ஆரம்பிச்சது. பென்சில்வேனியா 2020-ல், கொரோனாவைச் சொல்லி, ரொக்கத்தை அடியோடு நிறுத்தி சுமார் 500 பேரை வீட்டுக்கு அனுப்பியது.

இப்போ கேமரா பிளேட்டைப் படம் பிடிக்கும். அட்டை இல்லேன்னா விலாசம் பார்த்து பில் தபாலில் போகும். கட்டலைன்னா அபராதம். அதையும் கட்டலைன்னா? உள்ளூர் வண்டின்னா அந்த மாநிலமே பதிவை நிறுத்தும். வெளிமாநில வண்டியை என்ன செய்ய? அமெரிக்காவில் வண்டிப் பதிவு முழுக்க மாநில அதிகாரம். நம்ம ஊர்ல நெடுஞ்சாலையும் மத்திய அரசு கையில், வண்டி விவரமும் 'வாகன்' என்று ஒரே ஏட்டில். அங்கே ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது ஏடு. ஒரு மாநிலத்துச் சுங்கத்துறை இன்னொரு மாநிலத்துப் பதிவைத் தொட முடியாது.

இதனால் வந்த அநியாயத்தைப் பென்சில்வேனியாவில் பார்க்கலாம். 2016-ல் ஒரு சட்டம்: ஆறு சுங்கம் பாக்கி, அல்லது பாக்கி 500 டாலர் ஆனால் பதிவை நிறுத்தலாம். 2022-ல் அதையும் இறுக்கி நாலு சுங்கம் அல்லது 250 டாலர் ஆக்கினார்கள். ஆனா ஒப்பந்தம் இல்லாத வெளிமாநிலத்து வண்டி மேல இந்தக் கத்தி விழாது. அப்படிப்பட்ட மாநிலத்திலிருந்து வந்துட்டுப் போறவனுக்கு நோட்டீஸ் மேல நோட்டீஸ்தான். ஊருக்குள்ள இருக்கிறவன் கட்டணும், வழிப்போக்கன் கட்டாமப் போகலாம். வாய்க்கால் மராமத்துக்குத் தலைமடைக்காரன்கிட்ட மட்டும் வசூல் பண்ற மாதிரி.

இதுக்கு ஒரு வழி கண்டது அந்தச் சின்ன மாநிலங்கள்தான். நியூ ஹாம்ப்ஷயரில் இன்டர்ஸ்டேட் 95-ன் நீளம் வெறும் 16 மைல். தெற்கே மாசசூசெட்ஸ், வடக்கே மெய்ன். கோடையில் பாஸ்டன்காரங்க மெய்ன் கடற்கரைக்குப் போக இந்த 16 மைலைத் தாண்டணும். நியூ ஹாம்ப்ஷயரில் பொது விற்பனை வரி கிடையாது. அதனால சாமான் வாங்கவே வர்ற கூட்டம் வேற. ஆக, மூணு மாநிலத்து வண்டியும் மூணு மாநிலத்து ரோட்டில் கலந்து கிடக்கும். 2011-ல் மூணும் ஒப்பந்தம் போட்டன. உன் ஆள் என்கிட்ட பாக்கி வெச்சா நீ அவன் பதிவைப் பிடி. என் ஆள் உன்கிட்ட வெச்சா நான் பிடிக்கிறேன். அவ்வளவுதான் சாரம்.

நியூ ஹாம்ப்ஷயரில் வண்டிப் பதிவைப் புதுப்பிக்கிறது ஊர் அலுவலகத்தில். நம்ம பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி, டவுன் கிளார்க் என்று ஒருத்தர். வருஷா வருஷம், வண்டிக்காரர் பிறந்த மாசத்தில் போய்ப் புதுப்பிக்கணும். பிறந்தநாள் பரிசு! அந்தக் கிளார்க் முன்னாடி நின்னா அந்த வருஷம் மெய்ன் போனப்போ விட்ட சுங்கமும் வந்து நிக்கும். பழைய கேட்காரன் முகத்தைப் பார்த்து "போய்யா"ன்னு விட்டான். இந்தக் கிளார்க்கும் தெரிஞ்ச முகம்தான், ஆனா திரையில் 'நிறுத்தம்'னு இருந்தா அவர் கையில ஒண்ணும் இல்லை.

ஒப்பந்தம் நியாயம்தான் என்பது என் கட்சி. தினமும் வேலைக்குப் போக அந்த ரோட்டில் காசு கட்டுறவன், கட்டாதவனுக்கும் சேர்த்து ஏன் சுமக்கணும்? என் உறுத்தல் தண்டனையின் அளவில். ஹாம்ப்டனில் காருக்குச் சுங்கம் சில டாலர்தான். பதிவு நின்னா வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது. வந்து போலீஸ்ல மாட்டினா வழக்கு. அமெரிக்க கிராமத்தில் டவுன் பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோ கிடையாது. வண்டி நின்னா ஆஸ்பத்திரி, கடை, வேலை மூணும் நின்ன மாதிரி. இத்தனைக்கும் பாதி பேர் ஏமாத்தினவங்களா இருக்கணும்னு இல்லை. வீடு மாறியிருப்பான், பில் பழைய விலாசத்துக்குப் போயிருக்கும். வண்டியை வித்திருப்பான், பேர் மாத்தாம வாங்கினவன் ஓட்டிக்கிட்டிருப்பான். ஆர்.சி. புக்கில் பேர் மாத்தாத டூவீலரால் நம்ம ஊர்ல எத்தனை பஞ்சாயத்து!

இந்தக் கேள்வி அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வேறு ரூபத்தில் 1971-லேயே வந்திருக்கு. ஜார்ஜியா மாநிலத்தில் மூணு கிராமத்துச் சபைகளைப் பார்த்துக்கிட்டிருந்த ஒரு பாதிரியார். 1968-ல் ஒரு ஞாயித்துக்கிழமை, ஐந்து வயசுப் பெண் குழந்தை சைக்கிளில் வந்து அவர் கார் பக்கவாட்டில் மோதிடுச்சு. அவருக்குக் காப்பீடு இல்லை. குழந்தையின் பெற்றோர் 5,000 டாலர் கேட்டாங்க. மாநிலச் சட்டப்படி, அந்தப் பணத்துக்கு ஈடு கட்டணும், இல்லேன்னா லைசென்ஸும் பதிவும் நிறுத்தம். "தப்பு என் மேல இல்லை, வண்டி இல்லாம நான் ஊர்களுக்குப் போக முடியாது"ன்னு அவர் சொன்னதை விசாரணையில் கணக்கிலேயே எடுக்கலை. 'பெல் எதிர் பர்சன்' என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்னது. பிழைப்புக்கு அவசியமான ஒண்ணை அரசு பறிக்கும் முன், அந்த ஆளுக்குப் பொறுப்பு உண்டா என்று முதலில் கேட்கணும் என்றது. பறிக்கவே கூடாதுன்னு சொல்லலை, கவனிங்க.

அதனாலதான் இன்னைக்கும் நோட்டீஸ், அதுக்குப் பதில் சொல்லக் கெடு, மேல்முறையீடு எல்லாம் அங்கே படிப்படியா இருக்கு. அந்த நோட்டீஸ் எந்த விலாசத்துக்குப் போகுது என்பதில்தான் எல்லாம் தொங்குது.

நம்ம திருச்சிப் பக்கம் 'நம்பர் ஒன் டோல்கேட்'னு ஒரு இடம் இருக்கு. கேட் போயி எவ்வளவோ காலமாச்சு, கண்டக்டர் இன்னும் அந்தப் பேரைத்தான் கத்துறார். அமெரிக்காவுல பிள்ளைகள் இருக்கிற வாசகர்கள் ஒண்ணு பண்ணுங்க. வீடு மாறினா வண்டிப் பதிவில் விலாசத்தை உடனே மாத்தச் சொல்லுங்க. என் அக்கா மகன்கிட்டயும் சொல்லிட்டேன். "சரிங்க மாமா"ன்னான், இன்னும் செஞ்ச மாதிரி தெரியலை.

அடுத்த வாரம் கடலை பிடுங்கற வேலை. படம் போடறேன்.