ஒருபக்கமாய் முடிந்த போருக்கு மறுபோர் வேண்டுமா?

போட்டி என்று ஒன்று நடந்தால் வென்றவர் ஒருவரும் தோற்றவர் ஒருவரும் இருப்பது இயல்பு. இருவரும் ஏறத்தாழ ஒத்த ஆற்றலோடு பொருது, முடிவு மயிரிழையில் அமைந்ததாயின், "இன்னொரு முறை மோதிப் பார்க்கட்டும்" என்று எவரும் மனமுவந்து சொல்வர். ஆனால் ஒருவர் மற்றவரை எளிதில் வீழ்த்தி, கண்டவர் அனைவர்க்கும் ஐயமற முடிவு விளங்கிவிட்டால், அதே இருவரும் மீண்டும் மேடை ஏறுவது முறையாகுமா? தோற்றவரின் தன்மானம் "ஆம்" என்கிறது. அவர் வீட்டாரின் அச்சம் "வேண்டா" என்கிறது. நுழைவுச் சீட்டு விற்பவரோ இரண்டையும் கேட்பதில்லை. அவர் கூட்டத்தை மட்டுமே எண்ணிப் பார்க்கிறார்.

இவ்வினாவை நம் ஆண்டு மலரில் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. நாம் குடியேறி வாழும் இத்தெலங்கானா மண் உலகறிந்த ஒரு குத்துச்சண்டை வீராங்கனையை ஈன்றுள்ளது. அவர் வாழ்விலேயே இவ்வினா எழுந்தது. அதனை இறுதியில் காண்போம். முதலில் வரலாற்றைச் சிறிது புரட்டுவோம்.

மற்போரும் நம் முன்னோரும்

மற்போரும் கைப்போரும் தமிழர்க்குப் புதியன அல்ல. சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். அப்பாடல் புறநானூற்றில் உள்ளது. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் எனப் பெயர் பெற்றான். அண்மைக் காலத்தில் வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை எனப் பிரிந்து வீரர்கள் குத்துச்சண்டை பயின்றனர். ஒரு பரம்பரையின் வீரன் தோற்றால் அஃது அவன் ஒருவனுடைய தோல்வியாக நில்லாது, பரம்பரை முழுமைக்கும் உற்ற இழுக்காகக் கருதப்பட்டது. ஆகவே மறுபோட்டி கேட்கும் வேட்கை நம் இரத்தத்திலும் ஊறியதே. 2021ஆம் ஆண்டு வெளிவந்த "சார்பட்டா பரம்பரை" திரைப்படத்தின் வாயிலாக நம் பிள்ளைகளும் அதனை அறிந்துகொண்டனர்.

காமாவின் பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு

இந்திய மல்யுத்த வரலாற்றில் மறுபோட்டி என்றதும் நினைவுக்கு வருவது காமா பயில்வானின் பெயர். 1910 செப்டம்பர் 10ஆம் நாள் இலண்டனில் அவர் போலந்து நாட்டு வீரர் ஸ்பிஸ்கோவுடன் மோதினார். காமாவின் பிடியில் சிக்கிய ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகக் கிடந்து தம்மைக் காத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகியும் அவரைப் புரட்டிப் போட இயலவில்லை. போர் ஒருபக்கமாகவே நடந்தது. ஆயினும் முடிவு சமநிலை என்றே அறிவிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து மறுபோட்டி வைத்தனர், ஸ்பிஸ்கோ வரவில்லை. வெற்றி காமாவுக்கு வழங்கப்பட்டது.

இருவரும் மீண்டும் சந்தித்தது 1928ஆம் ஆண்டு, பட்டியாலாவில். அப்போது இருவரும் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தனர். ஒரு நிமிடம் கடக்கு முன்பே காமா அவரை மல்லாத்திவிட்டார். ஈண்டு மறுபோட்டிக்கு நியாயம் இருந்தது. முதற் போர் யார் வல்லவர் என்பதைக் காட்டியதே அன்றி வழக்கைத் தீர்க்கவில்லை. தீராத வழக்கைத் தீர்ப்பதற்கு நடப்பது முறையான மறுபோட்டி.

லூயியும் ஷ்மெலிங்கும்

இனிக் குத்துச்சண்டைக்கு வருவோம். ஹெவிவெயிட் என்னும் கனஎடைப் பிரிவில்தான் இவ்வினா மிகக் கூர்மையாக எழுகிறது. அப்பிரிவில் ஒரே குத்தில் ஆட்டம் முடியலாம். ஒரே குத்தில் வாழ்வும் முடியலாம்.

1936 ஜூன் 19ஆம் நாள் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங், அதுவரை தோல்வியே காணாத அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜோ லூயியைப் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். ஷ்மெலிங் லூயியின் ஆட்டங்களைப் படச்சுருளில் மீண்டும் மீண்டும் பார்த்து, இடக்கையால் குத்தியபின் லூயி அக்கையைத் தாழ்த்திவிடுகிறார் என்னும் குறையைக் கண்டுபிடித்திருந்தார். அந்த இடைவெளியில் அவருடைய வலக்கை புகுந்தது.

லூயி உடனே மறுபோட்டிக்கு ஓடவில்லை. வேறு பலரோடு பொருது தம் ஆட்டத்தைத் திருத்திக்கொண்டார். 1937இல் பிராடக்கை வென்று உலகப் பட்டத்தையும் பெற்றார். ஆயினும் ஷ்மெலிங்கை வெல்லும் வரை தம்மை வாகையர் என்று அழைக்க வேண்டா என்றார். 1938 ஜூன் 22ஆம் நாள் அதே அரங்கில் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் முன்னிலையில் இருவரும் மோதினர். 2 நிமிடம் 4 நொடியில் ஆட்டம் முடிந்தது. ஷ்மெலிங் மும்முறை தரையில் வீழ்ந்தார். இட்லரின் ஆட்சி தன் இனப்பெருமைக்குச் சான்றாகக் காட்டிய வீரர் அவர். அவரோ நாஜிக் கட்சியில் சேராதவர். அவ்வாண்டின் இறுதியில் யூதர்கள் வேட்டையாடப்பட்டபோது இரு யூதச் சிறுவர்களுக்கு மறைவிடம் தந்தவர். பிற்காலத்தில் லூயியும் அவரும் நெருங்கிய நண்பர் ஆயினர். 1981இல் லூயி மறைந்தபோது இறுதிச் சடங்கின் செலவில் ஷ்மெலிங் பங்கேற்றார். பகை தீர்ந்து நட்பாகிய மறுபோர் இது.

ஒரே வீரர், இரு மறுபோட்டிகள்

நம் வினாவுக்கு மிகத் தெளிவான விடை தருபவர் ஃபிளாய்ட் பாட்டர்சன். ஒருபக்கமாகத் தோற்று மறுபோட்டி கேட்கும் நிலை அவருக்கு இருமுறை வாய்த்தது. முதன்முறை நன்மை விளைந்தது. இரண்டாம் முறை துன்பமே விளைந்தது.

1959 ஜூன் மாதம் சுவீடன் நாட்டு இங்கமார் ஜோஹான்சன், மூன்றாம் சுற்றில் பாட்டர்சனை ஏழு முறை தரையில் வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். இதனினும் ஒருபக்கமான முடிவு வேறு ஏது? மறுபோட்டி வீண் என்று பலர் எண்ணியிருப்பர். ஆனால் பாட்டர்சன் ஏறத்தாழ ஓராண்டு பயின்று, தம்மைச் சாய்த்த வலக்கையைத் தவிர்க்கும் வழியைக் கற்றார். 1960 ஜூன் 20ஆம் நாள் ஐந்தாம் சுற்றில் தம் இடக்கைக் குத்தால் ஜோஹான்சனை உணர்விழக்கச் செய்தார். இழந்த கனஎடைப் பட்டத்தை மீட்ட முதல் வீரர் அவரே.

1962 செப்டம்பர் 25ஆம் நாள் சிகாகோவில் அவரை எதிர்த்தவர் சானி லிஸ்டன். லிஸ்டன் ஏறத்தாழ 11 கிலோ எடை மிகுந்தவர். கை நீளமும் வலிமையும் உடையவர். 2 நிமிடம் 6 நொடியில் பாட்டர்சன் வீழ்ந்தார். நாணம் தாளாது, பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு ஊரைவிட்டு அகன்றார். ஒப்பந்தப்படி மறுபோட்டி கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது; கேட்டார். 1963 ஜூலை 22ஆம் நாள் லாஸ் வேகாசில் அவர் தாக்குப் பிடித்தது 2 நிமிடம் 10 நொடி. பத்து மாதம் காத்திருந்து அவர் ஈட்டியது நான்கு நொடி மட்டுமே!

வேறுபாடு யாது? ஜோஹான்சனிடம் அவர் தோற்றது திருத்தக்கூடிய ஒரு பிழையால். லிஸ்டனிடம் தோற்றது உடல்வலிமையின் ஏற்றத்தாழ்வால். அதைத் திருத்தும் பயிற்சி எதுவும் இல்லை. வள்ளுவர் வலியறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். வினையில் இறங்குமுன் தன் வலிமையையும் எதிரியின் வலிமையையும் சீர்தூக்க வேண்டும் என்றார். பாட்டர்சனின் வாழ்வு அவ்வதிகாரத்துக்கு எழுதிய உரை போல் விளங்குகிறது.

வென்றவரும் தளரலாம்

மறுபோட்டியில் முடிவை மாற்றுவது தோற்றவரின் உழைப்பு மட்டுமன்று. வென்றவரின் சோம்பலும் மாற்றும். 2019 ஜூன் 1ஆம் நாள் அந்தோணி ஜோஷுவாவை நான்கு முறை வீழ்த்தி உலகை வியக்கச் செய்தார் ஆண்டி ரூயிஸ். அதே ஆண்டு டிசம்பரில் சவூதி அரேபியாவில் மறுபோட்டி நடந்தபோது, ரூயிஸ் முன்னைவிட ஏறத்தாழ 7 கிலோ பருத்து வந்தார். இளைத்து வந்த ஜோஷுவா பன்னிரண்டு சுற்றும் அவரை எட்ட நிறுத்திப் பட்டத்தை மீட்டார்.

இதற்கு மாறானதும் உண்டு. 2020 பிப்ரவரியில் டைசன் ஃபியூரி, டியான்டே வைல்டரை ஏழாம் சுற்றிலேயே திணறடித்தார். வைல்டரின் பயிற்சியாளர் ஒருவர் துண்டை எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார். மற்றொரு போட்டி தேவையில்லை என்று பலர் வாதிட்டனர். ஆனால் ஒப்பந்தம் அதைக் கோரியது. நடுவர் தீர்ப்பாயமும் அவ்வாறே முடிவு சொன்னது. 2021 அக்டோபரில் நடந்த போட்டி ஒருபக்கமாக அமையவில்லை. நான்காம் சுற்றில் ஃபியூரியே இருமுறை வீழ்ந்தார். எனினும் முடிவு மாறவில்லை. பதினோராம் சுற்றில் வைல்டர் சாய்ந்தார். பார்த்தவர்க்கு அது விருந்து. வைல்டரின் தலைக்கோ மேலும் பதினொரு சுற்று அடி.

நிசாமாபாத் தந்த வீராங்கனை

இனி நம் தெலங்கானாவுக்கு வருவோம். நிகத் ஜரீன் நிசாமாபாத்தில் பிறந்தவர். 2011இலேயே இளையோர் உலகப் பட்டம் வென்றவர். எடையில் இவர் மேற்கண்ட வீரர்களில் பாதியளவினர். எதிர்கொண்ட வினாவோ ஒன்றே. 2019 மே மாதம் குவாஹாத்தியில் நடந்த இந்திய ஓப்பன் அரையிறுதியில், ஆறுமுறை உலக வாகை சூடிய மேரி கோமிடம் தோற்றார். அவ்வாண்டு ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு மேரி கோமையே நேரடியாக அனுப்பக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. தேர்வுப் போட்டி நடத்த வேண்டும் என்று நிகத் விளையாட்டு அமைச்சருக்கு மடல் எழுதினார். பலர் அவரை ஏளனம் செய்தனர். டிசம்பர் 28ஆம் நாள் புது தில்லியில் போட்டி நடந்தது. முடிவு 9-1, வென்றவர் மேரி கோம்.

அம்மறுபோட்டி வீணா? அன்று எனக் கூறுவோம். நிகத் கேட்டது பழிவாங்கும் வாய்ப்பை அன்று, யாவர்க்கும் பொதுவான முறையை. தோற்றாலும் அம்முறை நிலைத்தது. அதன்பின் அவர் மேரி கோமோடு மூன்றாம் போட்டி வேண்டும் என்று அலையவும் இல்லை. தம் ஆட்டத்தைச் செப்பனிட்டு, 2022இல் இஸ்தான்புல்லில் 52 கிலோ பிரிவிலும், 2023இல் புது தில்லியில் 50 கிலோ பிரிவிலும் உலகப் பட்டம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீராங்கனையிடம் 0-5 எனத் தோற்றபோதும் ஆட்டத்தைக் கைவிடவில்லை. தோல்விக்கு மறுமொழி அதே எதிரியின் முகத்தில்தான் எழுதப்பட வேண்டும் என்பதில்லை என்பதை இவர் காட்டினார்.

நாம் கொள்ளத்தக்க முடிவு

ஒருபக்கமாக முடிந்த போட்டிக்கு மறுபோட்டி கேட்பவரிடம் மூன்று வினாக்கள் கேட்க வேண்டும். முதலாவது: தோல்விக்குக் காரணம் திருத்தத்தக்க பிழையா, அன்றித் திருத்தவியலாத ஏற்றத்தாழ்வா? இரண்டாவது: அப்பிழையைத் திருத்தப் போதிய காலமும் பயிற்சியும் வாய்த்தனவா? மூன்றாவது: உடல், குறிப்பாகத் தலை, இன்னொரு முறை அடி தாங்குமா?

மூன்றாம் வினாவை மேடையருகே எவரும் கேட்பதில்லை. தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்ட குத்துச்சண்டை வீரர்களின் மூளை சிதைவதை 1928இலேயே அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்டு எடுத்துரைத்தார். பின்னாளில் நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராக விளங்கிய பாட்டர்சன், நினைவு தவறியமையால் 1998இல் அப்பதவியைத் துறந்தார். பட்டத்தை ஒருமுறை மீட்ட அவரால் நினைவை மீட்க முடியவில்லை.

இன்று ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் நம் காலனிச் சிறுவர் சிறுமியர் கையுறை அணிந்து பயிற்சிக் கூடம் செல்லலாயினர். தோற்று வீடு திரும்பும் பிள்ளை "அவனோடு மறுபடி மோதுவேன்" என்று கண்ணீரோடு சொன்னால், அவ்வேட்கையை அவித்துவிட வேண்டா. உடனே மேடைக்கு அனுப்பவும் வேண்டா. "எதனால் தோற்றாய்?" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை கூறும் பிள்ளை மறுபோட்டிக்குரிய தகுதியில் பாதியைப் பெற்றுவிட்டது. எஞ்சிய பாதியைப் பயிற்சி தரும். உடல்நலத்தை மருத்துவர் உறுதி செய்வார். விடை கிட்டும் வரை காத்திருப்பது கோழைமை ஆகாது. லூயி இரண்டு ஆண்டு காத்திருந்தார். காமா பதினெட்டு ஆண்டு காத்திருந்தார்.